பதினேழாம் நம்பர் பிலிம்

முருகன் துணை

காஜா பேராங்,
மலாக்கா.
22-10-1962

அன்பு மகன் சேதுராமனுக்கு அம்மா ருக்மணி எழுதிக்கொள்வது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் பாங்காக்கில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. பழைய பிலிமிலிருந்து படம் போட வாங்கின மிஷின் எப்படி இருக்கிறது, படம் நன்றாக விழுகிறதா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்விட்டேன். படம் நன்றாகத்தான் விழுகிறது, ஆனால் அந்த மிஷினை வைத்துக்கொண்டு நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன் சேது, அது உன் சித்தி அஞ்சலையின் கழுத்து வரைக்கும் போய்விட்டது. இப்போது உன்னால் மட்டும் ஆகக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, முதலிலிருந்து வரிசையாகப் படி, அப்போதுதான் உனக்கு விளங்கும்.

டிரசர் அப்பாசாமியை உனக்கு நினைவிருக்கும், தோட்ட ஆஸ்பத்திரியில் உனக்கு அம்மைப்பால் வைத்தவர், நீ அவர் கையைக் கடித்துவிட்டாய். அவர் ஆனி மாதம் தவறிப்போனார் என்று முன்பே எழுதியிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து அவர் சம்சாரம் ஒரு பிஸ்கட் டின்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். உன் சித்தப்பா நடராஜனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன அதே வருஷம்தான் அப்பாசாமியையும் கூலிகளுக்கு மருந்து கொடுக்க அனுப்பினார்கள், ஆனால் சித்தப்பா இருந்த தோட்டம் வேறு, அவர் முகம் இவருக்குப் பழக்கமில்லை. யுத்தம் முடிந்த பிறகு, ஊர் திரும்பக் காத்திருந்த நம் ஆட்களைக் சயாமிலேயே காஞ்சனாபுரி என்கிற ஊரில் ஒரு முகாமில் வைத்திருந்தார்களாம். அங்கே சரணடைந்த ஜப்பான் சிப்பாய் ஒருவன் சிகரெட்டுக்காக ஒரு கேமராவைக் கொடுத்திருக்கிறான். அதை வைத்து அப்பாசாமி நாற்பது படம் எடுத்து, முகாம் ஆஸ்பத்திரியில் இருந்த மருந்திலேயே பிலிமைக் கழுவியும் வைத்துவிட்டார், தாளில் போட வசதி இல்லை. ஊருக்கு வந்த பிறகும் போடவில்லை. படத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த முகாமிலேயே வாந்திபேதியில் போய்விட்டார்களாம், யார் போனது யார் வந்தது என்று அவருக்கே தெரியாது, படத்தைக் காட்டினால் எங்கள் ஆள் எங்கே என்று வந்து நிற்பார்களே, நான் என்ன பதில் சொல்வது என்று பதினேழு வருஷம் பரண்மேலேயே வைத்திருந்தார். அவர் போன பிறகு அந்த அம்மாளுக்கு அதை வீட்டில் வைத்திருக்கப் பயம். உங்கள் வீட்டிலும் ஒரு ஆள் வரவில்லையே, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், ஆனால் டின்னை வெளியே யார் கையிலும் விட்டுவிடாதீர்கள், அந்த உடம்புகளைக் கடைக்காரன் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். டின் மூடியில் 1945 டிசம்பர் என்று எழுதியிருந்தது, பிலிமுக்கெல்லாம் ஒன்றிலிருந்து நாற்பது வரை நம்பர் இருந்தது, பேர் ஒன்றுகூட இல்லை.

பட்டணத்தில் ஒரு ஸ்டூடியோவில் நாலே நாலை மட்டும் காட்டிக் கேட்டோம். பூஞ்சை பிடித்திருக்கிறது, ஒரு மாதம் வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள், சத்தியம் செய்திருக்கிறேனே, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம்தான் உனக்கு எழுதினது, பிலிமில் இருப்பதைத் தாளில் பெரிதாக விழவைக்கிற பழைய என்லார்ஜர் ஒன்று வாங்கி வீட்டிலேயே படம் போடுங்கள், அதொன்றும் கம்பசூத்திரம் இல்லை என்று நீ பதில் போட்டதும். பிலிம் எந்த அளவு என்று முதலில் பார், லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார், லென்சுக்கு மேலே வெளிச்சம் கசியாமல் மூடுகிற மடிப்புத் தோல் பையில் ஓட்டை இருக்கிறதா பார், மிஷினைத் தாங்குகிற தூண் ஆடுகிறதா பார் என்று நாலு விஷயம் எழுதியிருந்தாய், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்துல் கய்யூம் பாயின் பழைய சாமான் கடைக்குப் போனோம். அப்பாவுக்கு முதலிலேயே ஒரு சின்ன மிஷின் மேல் ஆசை வந்துவிட்டது, பளபளவென்று புதிதாட்டம் இருந்தது, விலையும் குறைச்சல். நல்லவேளை நான் பிலிம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், அதன் சட்டத்தில் நம் பிலிம் பாதிகூட அடங்கவில்லை, அது இந்தக் காலத்துச் சின்ன பிலிமுக்கு உள்ளதாம். இன்னொன்று மரச்சட்டமும் கண்ணாடியும் மட்டும், பிலிமையும் தாளையும் சேர்த்து வைத்து வெயிலில் காட்டுவது, எட்டு வெள்ளிதான், ஆனால் பிலிம் அளவுக்குத்தான் படம் வரும், நாலு பேர் நிற்கிற படத்தில் ஒரு முகம் மொச்சைக்கொட்டை அளவு இருக்கும், அதைப் பார்த்து யார் யாரை அடையாளம் சொல்வது. மூன்றாவதாக ஒன்று மூலையில் கிடந்தது, பெரிய பழைய மிஷின், தோல் பையில் ஒட்டுப் போட்டிருந்தது, லென்சில் ஓரத்தில் பூஞ்சை நூல் ஓடியிருந்தது, நடுவில் சுத்தம். புதிசாக வாங்கினால் இருநூறுக்குக் குறையாது, பாய் முப்பத்தைந்துக்குக் கொடுத்தார். கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பல்பைப் போட்டுக் காட்டினார், தோலில் இரண்டு இடத்தில் ஊசிமுனை வெளிச்சம் வந்தது, கறுப்பு ஒட்டுத்துணி ஒட்டிக் கொடுத்தார். தூண் ஆடியதற்கு அப்பா ஆப்பு வைத்தார். மிஷினோடு வந்த புஸ்தகம் ஏதோ பாஷையில் இருந்தது, நம் யாருக்கும் புரியாது. பாய் பிலிமை என்னிடம் காட்டி, அக்கா, இந்த மங்கல் பக்கம் இருக்குல்ல, இதுலதான் ஆளு இருக்காரு, பளபளப்புப் பக்கம் வெறும் கண்ணாடி மாதிரி, மங்கல்ல மட்டும் விரல் படாம பாத்துக்குங்க என்று சொன்னார். இது ஒன்றுதான் அவர் சொன்னது.

எந்தப் பக்கம் மேலே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை, நீயும் உன் நாலு விஷயத்தில் அதை எழுதவில்லை. பிறகு ஒரு நாள் அதற்காக உன்மேல் கோபம்கூட வந்தது, அது வீண் கோபம், தப்பு என்னுடையதுதான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா. மங்கல் பக்கத்தில்தான் ஆள் என்றால் அதுதானே முகம், அதைக் கீழே பார்க்க வைத்தால் ஆளைக் குப்புறப் போட்டதாகத்தானே அர்த்தம். செத்தவர்களைக்கூட நாம் குப்புறப் போடுவதில்லை, இவர்களில் யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்றே தெரியாது. பட்ட பாடு போதாதென்று இவர்களை நானும் குப்புறத் தள்ள வேண்டுமா என்று நாற்பது பிலிமையும் முகம் மேலே பார்க்கவே வைத்தேன். அப்பாவிடமும் கேட்டேன், அதுதான் முறை என்றார். அவருக்கு அந்தப் படம் கழுவுகிற மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வேலையெல்லாம் நான்தான். சாமான் அறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, பல்புக்குச் சிவப்புத் தாள் சுற்றி, மூன்று மங்குத் தட்டில் மருந்து கரைத்து, பகல் முழுக்க அதற்குள்ளேதான் கிடந்தேன், அப்பா சோற்றைப் பானையிலிருந்து தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார். முதல் தாளை மருந்தில் போட்டுப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஒரு கண் தெரிந்தது, அப்புறம் விலா எலும்பு. நான் சத்தம் போட்டு அழுதேன் சேது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். எல்லாரும் கோவணத்தோடு நிற்கிறார்கள், தலையை மழித்து விட்டிருக்கிறது, அண்ணன் தம்பி போல எல்லாருக்கும் ஒரே முகம், பசி முகம். மேலே சட்டை என்று ஒன்று இருந்திருந்தால் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கும்.

படங்களைக் கூடத்தில் கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் மாட்டி வைத்தோம். காதுக்குக் காது சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், செமாபோக்கிலிருந்து, உஜோங் பாசிரிலிருந்து, தோட்டங்களிலிருந்து, மொத்தம் பதினோரு வீட்டார். ஒரு கிழவர் தம்பியைக் கண்டுபிடித்துத் தாளோடு கட்டிக்கொண்டார். மற்றவர்கள் எங்கள் ஆள் இதில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அஞ்சலை கடைசியாகத்தான் வந்தாள். அவள் நிலைமை உனக்குத் தெரியாததில்லை. நடராஜன் போய்ப் பத்தொன்பது வருஷம், கமலவேணி அவர் போன பிறகு பிறந்தவள், அப்பன் முகத்தையே பார்த்ததில்லை. அஞ்சலை மட்டும் தாலியும் பொட்டுமாகத்தான் இருந்தாள். மெர்டேக்கா ஆகி நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு பிரஜா உரிமைக்குப் பதியப் போனபோது, புருஷன் இருக்கிறாரா இல்லையா என்று பதிவு எழுதுகிற கிராணி கேட்டதற்கு, சயாமில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தவள். இப்போது கமலவேணிக்கு உஜோங் பாசிர் பொன்னுதுரையின் மகனைப் பேசி முடித்திருக்கிறது, தை மாதம் கல்யாணம். பொன்னுதுரை தங்கமான மனுஷர், பத்திரிகை அடிக்கிற நேரத்தில் அவர்தான் மெதுவாகக் கேட்டார், பெண்ணின் தகப்பனார் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா வேண்டாமா என்று. போடாவிட்டால் ஆள் எங்கே என்று ஊர் கேட்கும், போட்டால் அப்போ அஞ்சலை கழுத்தில் தாலி எதற்கு என்று கேட்கும். அஞ்சலை அதற்குப் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் படங்கள் வந்தன.

நாற்பதையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பதினேழாம் நம்பரிடம் நின்றாள். நாலு பேர் மூங்கில் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டாவது ஆள் நேராகப் பார்க்கிறார். தாடையும் தோளும் உன் சித்தப்பா மாதிரியே. ஆனால் நடராஜனுக்குச் சின்ன வயதில் கடுக்கன் மாட்டுக்கயிற்றில் சிக்கி இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருக்கும், இந்த ஆளுக்குக் கிழிந்திருந்தது வலது காது. அஞ்சலை வெகுநேரம் பார்த்துவிட்டு, இவரு இல்லக்கா, அவருக்குப் பீச்சாங்கைப் பக்கம் என்றாள். காது கிழிந்தவன் தோட்டத்துக்கு நாலு பேர் இருந்தான் அந்தக் காலத்தில் என்று அப்பாவும் சொன்னார். அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பி வரக் காத்திருந்தவங்க கூட்டத்துலயே அவரு இல்லைன்னா, சண்டை முடியறதுக்கு முந்தியே போயிட்டாருக்கா, நான்தான் இத்தனை வருஷம் தெரியாம பொட்டு வச்சுக்கிட்டு இருந்துட்டேன் என்று சொன்னாள். மாளய அமாவாசை அன்று உஜோங் பாசிர் கடற்கரையில் அவர் வேட்டி ஒன்றை வைத்துக் கருமாதி செய்தோம். தாலியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றவள் நான். பத்திரிகையில் காலஞ்சென்ற என்று போடச் சொல்லி அச்சாபீசுக்கு அன்றைக்கே சொல்லி அனுப்பினாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, நீ சித்திரையில் லீவுக்கு வந்தபோது வாசலில் என்னை நிறுத்தி எடுத்தாயே, அந்தப் பிலிமிலிருந்து தீபாவளிக் கடிதத்தோடு அனுப்ப ஒரு படம் போட்டேன். படம் காய்ந்ததும் அப்பாவிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். என்ன, வடநாட்டுச் சேட்டு வீட்டம்மா மாதிரி முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாய், மகன் வந்த சந்தோஷத்தில் சேலை கட்டுவதுகூட மறந்துபோச்சா என்று கிண்டல் செய்தார். நான் ஒருநாளும் அப்படிக் கட்டவில்லை என்று சண்டை போட்டேன். மூக்குத்தியும் இடம் மாறியிருந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன், கண்ணாடியில் தெரிகிற ருக்மணிதான் படத்திலும் இருந்தாள். மங்கல் பக்கத்தை மேலே பார்க்க வைத்ததால்தான் இடம் வலமாகிவிட்டதோ என்று அப்போதுதான் தோன்றியது. உள்ளே போய் அதே பிலிமை மங்கல் பக்கம் கீழே பார்க்க வைத்துப் போட்டேன், முந்தானை இடது தோளுக்கு வந்துவிட்டது. பதினேழாம் நம்பரைத் தேடி எடுத்து அதையும் திருப்பிப் போட்டேன். மருந்துத் தட்டில் அந்தக் காது தெரிகிறவரைக்கும் நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன், அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கும்பிட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. இடது காதுதான் கிழிந்திருந்தது சேது. அது உன் சித்தப்பாதான். யுத்தம் முடிந்து நாலு மாதம் கழித்து அவர் உயிரோடு மூங்கில் மேல் உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே அவருக்குக் கருமாதி செய்ய வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. சொல்ல வேண்டாம் என்பது அப்பாவின் கட்சி. முடிந்துபோனதைக் கிளறாதே, படத்தில் இருந்தவன் பதினேழு வருஷமாக வரவில்லை, வராதவன் செத்தவன்தான், இனிமேல் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது, கல்யாணம்தான் நிற்கும் என்றார். அவர் சொன்னது ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை, அவள்மேல் இருக்கிற பாசம்தான். எனக்கு மட்டும் அந்தப் படம் சோற்றில் கைவைக்க விடவில்லை. தப்பைச் செய்தது நான், அதை மறைத்து வைக்கிற உரிமையும் எனக்கே எப்படி வரும். போன வியாழக்கிழமை தனியாகவே பஸ் ஏறிச் செமாபோக்குக்குப் போனேன். அஞ்சலை ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், கை இரண்டும் சோடாவில் ஊறி வெளுத்திருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சரி, எது என் தப்பு என்று சொன்னேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சரியான படத்தை மட்டும் எடுத்தாள். எந்த மாசம் எடுத்தது என்று கேட்டாள், மார்கழி என்றேன். நம் ஊர்த் தண்டவாளத்தையே ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டானே, அந்த மார்கழியில் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி ஏறித் தம்பின் ஸ்டேஷனுக்குப் போய், வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துவிட்டு வந்தாளாம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்கு மாப்பிள்ளை பாத்ததும் நீதான், அவர சாகடிச்சதும் நீதான், இப்ப எழுப்பிக் கொண்டாந்திருக்கிறதும் நீதான், போதும்க்கா, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டாள். நான் வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய, அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

சனிக்கிழமை காலையில் அவளே நம் வீட்டுக்கு வந்தாள், கமலவேணியையும் கூட்டிக்கொண்டு. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தும் வெறும் கழுத்துதான், நான் கொண்டுபோன படத்தை அவள் ஒதுக்கிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அதற்குள் பொன்னுதுரை வீட்டுக்கும் போய் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவரும் கேட்டுவிட்டு, பெண் வீட்டுப் பத்திரிகை, உங்கள் இஷ்டம்போல் போடுங்கள், நாள் மாறாது என்றாராம். அஞ்சலை பத்திரிகையில் காலஞ்சென்ற என்பதை எடுத்துவிடச் சொன்னாள். அப்பா குழம்பிப்போய், அப்படியென்றால் தாலியைத் திரும்பக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டார். அவள் முடியாது என்றாள். நான் தண்ணி விட்டது விட்டதுதான் மாமா, கடல்ல நின்னு மனசார விட்டேன், எனக்கு அவரு போனவரு, ஆனா புள்ளைக்கு அப்படி எழுத வேணாம், அவளுக்கு இன்னும் யாரும் போகல என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எங்கள் யாருக்கும் தெரியாதது. கமலவேணிக்கு முந்தி அவளுக்கு இரண்டு தடவை கலைந்துபோனது, அந்த மனுஷன் அதில் ஒடிந்துபோயிருந்தார், எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாம் தடவை தள்ளிப்போனபோது, மூன்று மாதம் நிறைகிறவரைக்கும் வாய் திறப்பதில்லை, இவரிடமும் சொல்வதில்லை என்று அஞ்சலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். இரண்டு மாதமும் சில நாளும் ஆகியிருந்தபோது லாரி வந்து தோட்டத்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறாள், அப்போதும் சொல்லவில்லை, வேண்டுதலை முறித்தால் இதுவும் நிற்காது என்று பயம். இத்தனை வருஷமும் நாங்கள் எல்லாரும் அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தோம். தனக்கு ஒரு பிள்ளை இருக்கிறதே தெரியாமல்தான் அந்த மனுஷன் அந்த மூங்கில் மேல் உட்கார்ந்திருக்கிறார் சேது. கமலவேணிக்கும் அன்றைக்குத்தான் தெரியும், அவள் பதினேழாம் நம்பரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள், போகும்போதுதான் திருப்பிக் கொடுத்தாள்.

இனி உன் வேலை. பாங்காக்கில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காஞ்சனாபுரிக்கு ரயில் போகிறது, அது நம் ஆட்கள் போட்ட பாதையிலேயே இன்னும் மேலே போகிறது என்று நீயே ஒரு தடவை எழுதியிருந்தாய். கப்பல் ஆபீசில் நாலு நாள் லீவு கேள், கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல், பாவம் என் தலையில். திரும்பி வராமல் அங்கேயே சயாம் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்ட தமிழ் ஆட்கள் கொஞ்சப்பேர் இருக்கிறார்கள் என்று கேள்வி, முதலில் நம் பாய்மார் கடை எங்கே என்று விசாரி, அவர்களுக்கு எல்லாம் தெரியும். சரியான படத்தை இதோடு வைத்திருக்கிறேன், பின்பக்கம் பென்சிலில் நம்பரும் பேரும் இருக்கிறது, இரண்டாவது ஆள். அவர் முகாமிலேயே இறந்துபோனார் என்று யாராவது நேரில் பார்த்தவர் சொன்னால், எந்த இடம் என்று கேட்டு, ஒரு சூடம் கொளுத்திவிட்டு வா, அஞ்சலைக்கு அது போதும். உயிரோடு இருந்தால், அதுவும் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தால், அவரைக் கூப்பிடாதே, ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காதே, சித்தி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பேர் கமலவேணி, தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று மட்டும் சொல்லு. அவருக்குப் படிக்கத் தெரியாது, பத்திரிகையை நீதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

உனக்குக் கோபமாக இருக்கலாம், அம்மா செய்த கூத்துக்கு நான் அலைய வேண்டுமா என்று. அலையத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நானும் இங்கே சும்மா இல்லை, நாற்பதையும் திருப்பிப் போட்டு, வந்துபோன பதினோரு வீட்டில் இதுவரை நாலு வீட்டுக்குப் போய் என் தப்பைச் சொல்லிவிட்டு வந்தேன், மச்சத்தையும் தழும்பையும் வைத்து இல்லை என்று முடிவு கட்டினவர்கள் இன்னும் இருப்பார்கள், தீபாவளிக்குள் மீதி ஏழு வீட்டுக்கும் போய்விடுவேன். இந்த வருஷம் நம் வீட்டில் பலகாரம் இல்லை, நீயும் அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முருகனை நினைத்துக்கொண்டால் போதும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவரும் இப்போது என் கட்சிதான், படத்தை மடங்காமல் இருக்க அட்டை வெட்டிக் கொடுத்ததே அவர்தான். நீ நோய்நொடி இல்லாமல், நல்ல மனசோடு, நூறு வயது இருக்க வேண்டும் என்று உன்னைப் பெற்றவள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போனதும் இரண்டு வரியாவது எழுது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அச்சாபீசில் இன்று காலை கொடுத்த முதல் பத்திரிகையை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி இதோடு வைத்திருக்கிறேன், நனையாமல் பார்த்துக்கொள். பத்திரிகை உறையின்மேல் பேரை எழுதினது கமலவேணி, அதற்காகவே இன்று வந்திருந்தாள். பேனாவைத் தாளில் வைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், அப்பா என்று எழுதுவாள் என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரு. நடராஜன் அவர்கள் என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, என்னிடம் கொடுத்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெ. ருக்மணி